நோயின் பெயரை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள்

மனநலப் பிரிவுக்கு முதன்முறையாக வரும் குடும்பத்தினர், நோயாளியை வெளியே அமர்த்திவிட்டுத் தாங்கள் மட்டும் மீண்டும் உள்ளே வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. இது முழுதாகக் குணமாகுமா? எவ்வளவு காலம் மாத்திரை சாப்பிட வேண்டும்? இன்சூரன்ஸில் பணம் கிடைக்குமா? முதல் இரண்டுக்கும் விடை ஆளுக்கு ஆள் மாறும்; அவற்றைப் பற்றி வேறோர் இதழில் எழுதலாம். மூன்றாவதற்கு நான் விடை சொல்லத் தொடங்கும்போதே நான்காவதாக ஒரு வேண்டுகோள் வந்துவிடுகிறது. "டாக்டரம்மா, சீட்டுல மனநோய்னு எழுதிடாதீங்க. தலைசுத்தல், சத்துக்குறைவு, இப்படி ஏதாவது போட்டுக் குடுங்க."

இந்த வேண்டுகோளை நான் ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை என்பதை, கூட்டம் மிகுந்த ஓ.பி. நேரத்தில், கதவில் ஒரு கையை வைத்தபடி நின்றுகொண்டே பேசும் தந்தைக்கோ கணவருக்கோ பொறுமையாக விளக்க முடிவதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

கேட்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை, மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளின் விலக்குப் பட்டியலில், அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவைச் சிகிச்சைக்கு அருகிலேயே மனநோயும் இடம்பெற்றிருந்தது. மனநோய் என்ற சொல் எழுதப்பட்ட காகிதம் காப்பீட்டு நிறுவனத்தின் மேசையில் செல்லாக்காசு. அந்தக் காலத்தில் பட்ட அனுபவம் குடும்பங்களுக்குள் வாய்வழியாக இன்றும் தொடர்கிறது. பாலிசி விற்ற ஏஜென்ட் சொன்னது, பக்கத்து வீட்டார் சொன்னது, ஊரில் மருத்துவம் தெரிந்த ஒருவர் சொன்னது என்று எல்லாம் சேர்ந்து, பெயரை மாற்றுவதுதான் ஒரே வழி என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆனால் சட்டம் மாறிவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. உடல்நோய்ச் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு வழங்கப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழங்க வேண்டும் என்று அதன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு கூறுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லா நிறுவனங்களுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பாலிசிகளில் விலக்கி வைக்கக் கூடாதவை என்ற பட்டியலில் மனநோயையும் சேர்த்தது. இருந்தும் நிறுவனங்கள் இழுத்தடித்தன. ஸ்கிசோஅஃபெக்டிவ் எனப்படும் தீவிர மனநோய்க்காக 2020இல் மருத்துவமனையில் சேர்ந்த ஒரு பெண்ணின் கிளெயிம் மறுக்கப்பட்டு, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்குப் பிறகு மனநோயை விலக்கி வைக்கும் பாலிசி செல்லாது என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் 2022 அக்டோபரில் ஆணையம் இன்னொரு முறை எழுதி, அம்மாத இறுதி என்று கெடு விதிக்க வேண்டியிருந்தது. சட்டம் ஒரு நாளில் வந்தாலும் அது கவுன்டர் வரை வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. சில கவுன்டர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதும் உண்மை.

ஆகவே இன்று 'தீவிர மனச்சோர்வு', 'மனச்சிதைவு', 'இருமுனை மனநிலைக் கோளாறு' என்று உள்ளது உள்ளபடி எழுதினாலே, உள்நோயாளிச் சிகிச்சைக்கான கிளெயிமுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. பொய்ப் பெயர் எழுதினால் அந்தத் துணை போய்விடுகிறது. நடைமுறையிலும் அது பலிப்பதில்லை. கிளெயிமைச் சரிபார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களிலும் மருத்துவர்கள் உண்டு. மேல் தாளில் தலைச்சுற்றல் என்றும், மருந்து பில்லில் ஓலன்சபின் ஊசி என்றும் இருந்தால், அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் அந்தக் குடும்பம் அனுப்பும் ஒவ்வொரு காகிதமும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும்.

பணத்தை விடுங்கள். எனக்கு உண்மையில் அச்சம் தருவது வேறு.

இருமுனை மனநிலைக் கோளாறுக்காக ஒருவர் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும், விலை மலிவான, மிக நல்ல மருந்து அது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும்; குறைந்தால் பயனில்லை, கூடினால் நஞ்சு. அதனால்தான் லித்தியம் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் செயல்பாட்டையும் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கிறோம். இவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயரை மறைத்தால் மருந்தின் பெயரையும் மறைத்தாக வேண்டும். தலைச்சுற்றலுக்கு யாரும் லித்தியம் கொடுப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அவர் முழங்கால் வலியோடு வேறோர் ஊரில் வேறொரு மருத்துவரைப் பார்க்கிறார். கையில் இருக்கும் சம்மரியைப் படித்துவிட்டு அந்த மருத்துவர் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை ஒரு வாரத்துக்கு எழுதுகிறார். அவர் மீது தவறில்லை. ஆனால் அந்த வகை வலி மாத்திரைகள், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் தயாசைடு வகை நீர் மாத்திரைகளும் அப்படியே. கை நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடித்திருக்கிறார் என்றுகூட நினைப்பார்கள். கவனியாமல் விட்டால் வலிப்பு வரலாம், சிறுநீரகம் கெடலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுதப்படும் பில் அன்று. உங்களை இதுவரை பார்த்திராத மருத்துவருக்கு, உங்களை நன்கு அறிந்த மருத்துவர் எழுதும் கடிதம் அது. நள்ளிரவில் ஏதோ ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் நீங்கள் நினைவின்றிக் கிடக்கும்போது உங்கள் சார்பில் பேசப்போவது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

பாலிசி எடுக்கும்போது மறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் 'மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா' என்ற கேள்வி இருக்கும். ஏஜென்ட் படிவத்தை நிரப்பிக்கொண்டே, நம்மிடம் கேட்காமலேயே 'இல்லை' என்று குறித்துவிடுவார், நாமும் கையெழுத்திட்டுவிடுவோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், குடும்பத் தலைவர் மனச்சோர்வுக்காகச் சில ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டவர். பாலிசி எடுத்தபோது அதைச் சொல்லவில்லை. பின்னர் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்க நேர்ந்தது. பழைய மருந்துச் சீட்டுகளை வாங்கிப் பார்த்த நிறுவனம், உண்மையை மறைத்து எடுத்த பாலிசி என்று கூறி இதய சிகிச்சைக்கான தொகையையே மறுத்தது. மனச்சோர்வுக்கும் ஸ்டென்ட்டுக்கும் என்ன தொடர்பு என்று மனைவி என்னிடம் கேட்டார். காப்பீட்டு ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை இரண்டையும் இணைத்தது அந்த 'இல்லை' என்ற ஒரு சொல்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதங்கள். அதன்பின் அந்த நோய்க்கும் கிளெயிம் கோரலாம். பாலிசியை இடைவிடாமல் 60 மாதங்கள் தொடர்ந்து வைத்திருந்தால், மோசடி என்று நிரூபித்தாலன்றி, 'மறைத்தீர்கள்' என்ற காரணத்தைச் சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. உண்மையைச் சொன்னதற்காகப் பிரீமியத்தைக் கூட்டும் நிறுவனம் உண்டு. பாலிசியே தர மறுப்பதும் உண்டு. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மனநோய் உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும் எடுக்கத்தக்க பாலிசி ஒன்றையேனும் ஒவ்வொரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் ஆணையம் கட்டளையிட்டிருக்கிறது. ஓர் இடத்தில் மறுத்தால் அந்தப் பாலிசியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஏஜென்டுக்கே தெரியாமல் இருக்கலாம்.

பெயரை மாற்றச் சொல்லும் வற்புறுத்தல் மிக அதிகமாக வருவது மதுப் பழக்கத்தில்தான். இங்கே சட்டமே இரண்டு குரலில் பேசுகிறது. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் மனநோயில் அடங்கும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். குடிப்பழக்கம், போதைப் பழக்கம் ஆகியவற்றுக்கான சிகிச்சையையும் அவற்றின் விளைவுகளையும் விலக்கலாம் என்கிறது 2019ஆம் ஆண்டுக் காப்பீட்டு வழிகாட்டுதல். இதன் பயனாக, குடியை நிறுத்திய மூன்றாம் நாள் உடல் நடுங்கி, வலிப்பு வந்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்குப் போராடும் மனிதரை ஐ.சி.யூ.வில் வைத்துக் காப்பாற்றினாலும், அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போகலாம். கடையை அரசு நடத்துகிறது, வரியை அரசு எடுக்கிறது, விளைவை மட்டும் குடும்பம் தனியாகச் சுமக்கிறது. இது அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆயினும் 'காய்ச்சலில் வந்த வலிப்பு' என்று எழுதித் தந்தால் அந்த அநீதி தீராது. அவருக்குக் குடியால் மனச்சோர்வும் இருந்தால் அதையும் எழுதுவேன். கல்லீரல் பாதிப்பு இருந்தால் அதையும் எழுதுவேன். இருக்கும் நோய்கள் அனைத்தையும் எழுதுவது என் கடமை. இல்லாத நோயை எழுத இயலாது.

தற்கொலை முயற்சிக்குப் பின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுபவர்களின் உறவினர்களும் இதே கோரிக்கையை வைக்கிறார்கள். 'தவறுதலாக நடந்துவிட்டது என்று எழுதுங்கள்' என்பார்கள். காப்பீட்டை விடப் போலீஸ் அச்சமே அதற்குப் பெரிய காரணம். அந்த அச்சத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. 'தவறுதலாக' என்று எழுதிவிட்டால் அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய காரணமே காகிதத்தில் இல்லாமல் போய்விடுகிறது. வயிற்றைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்தத் துயரம் அவரை அங்கே கொண்டுவந்ததோ, அதே துயரத்தோடு அவர் திரும்பிப் போவார். வீட்டில் யாரேனும் அப்படிப்பட்ட எண்ணத்தில் இருப்பதாகத் தோன்றினால், எந்த நேரமாயினும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பெயரை மறைப்பதால் காப்பீட்டுக்கு அப்பாலும் இழப்புகள் உண்டு. மாதச் சம்பளம் ரூ. 21,000 வரை பெறும் தொழிலாளர்கள் பலர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கிறார்கள். பின்னலாடைக் கம்பெனியில் இருப்பவரும் கார் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை செய்பவரும் இதில் அடங்குவர். தனியார் பாலிசிகள் பெரும்பாலும் தராத ஒன்றை இ.எஸ்.ஐ. தருகிறது: புறநோயாளிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட சுகவீன உதவித்தொகைப் பட்டியலில் சைக்கோசிஸ் எனப்படும் தீவிர மனநோய்களும் உள்ளன. இரண்டு ஆண்டுகள் பணியிலிருந்து உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியவருக்கு, வேலைக்குப் போக இயலாத காலத்தில், சராசரிக் கூலியில் 80 சதவீதம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு இரண்டு ஆண்டுகள் வரைகூடக் கிடைக்கும். மனச்சிதைவு நோயால் ஓராண்டு வேலைக்குப் போகாத மகனை வைத்திருக்கும் வீட்டில் இந்தத் தொகை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பெறுவதற்குச் சான்றிதழில் நோயின் சரியான பெயர் இருக்க வேண்டும். சத்துக்குறைவுக்கு அது கிடைக்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. அந்தச் சான்றிதழுக்கும் நோய் எப்போது தொடங்கியது, எவ்வளவு காலம் சிகிச்சை நடந்தது என்பதற்கான ஆவணங்கள் தேவை. பத்து ஆண்டுகளாகத் தலைச்சுற்றலுக்குச் சிகிச்சை பெற்றதாகக் காட்டும் கோப்பை வைத்துக்கொண்டு அங்கே யாரும் எதுவும் செய்ய முடியாது.

இனி, வெளியே தெரிந்துவிடுமே என்ற கவலை. இது பொய்யான கவலை என்று நான் சொல்லமாட்டேன். மனநோயாளியின் நோய் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது மேற்சொன்ன சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை. கிளெயிம் காகிதங்களைப் பார்க்க வேண்டியவர்கள் காப்பீட்டு நிறுவனத்தாரும், அவர்களுக்காகக் கிளெயிமைக் கவனிக்கும் டி.பி.ஏ.வும் மட்டுமே. ஆனால் வேலை செய்யும் கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டில், காகிதங்களை எச்.ஆர். அலுவலகம் வழியாக அனுப்பச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அங்கே தயங்குவது இயல்பு. அப்படிப்பட்டவர்கள் டி.பி.ஏ.வுக்கு நேரடியாக அனுப்ப வழி கேட்கலாம். கேஷ்லெஸ் முறையில் சேர்ந்தால் மருத்துவமனையே நேரடியாக அனுப்பிவிடும். அலுவலக விடுப்புக்கான சான்றிதழில் நோயின் விவரம் எழுதத்தான் வேண்டும் என்பதில்லை; 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை என் சிகிச்சையில் இருந்தார், ஓய்வு தேவை' என்று எழுதினால் பெரும்பாலும் போதும். அது பொய்யன்று, தேவைக்கு மேல் சொல்லாமலிருப்பது. திருமணப் பேச்சைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: டிஸ்சார்ஜ் சம்மரி பெண் வீட்டுக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ தானாக நடந்து போவதில்லை. செய்தியைக் கொண்டு போகிறவர்கள் உறவினர்கள்; அவர்களுக்கு எந்தக் காகிதமும் தேவைப்படுவதில்லை.

இவ்வளவு சொன்னபின் காப்பீட்டின் மீதான என் குறையையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தால்தான் பணம் தரும். குடல்வால் அறுவைக்கு அது பொருந்தும். மனநோய்ச் சிகிச்சையோ பெரும்பாலும் கட்டிலில் நடப்பதன்று. நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து நடப்பது. பதற்றக் கோளாறு, மனச்சோர்வு, எண்ண சுழற்சி நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உள்நோயாளியாகச் சேர வேண்டிய தேவையே எழுவதில்லை. மாதம் ஒருமுறை ஆலோசனை, மருந்து, வாரந்தோறும் உளவியலாளருடன் ஓர் அமர்வு என்று மாதக்கணக்கில் செல்லும் செலவு அது. அந்தச் செலவு முழுவதும் உங்கள் பையிலிருந்துதான் போகிறது. நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ 10.6 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை என்றும் கண்டது. அவர்களைப் படுக்கவைத்தால்தான் பணம் என்று சொல்லும் காப்பீடு, சிகிச்சை பெறாதவர்களுக்குக் கதவைத் திறக்காது. சமத்துவம் என்று சட்டம் சொல்வது சொல்லளவில் நிற்காமல் இருக்க வேண்டுமானால், புறநோயாளி ஆலோசனையும் பாலிசிக்குள் வர வேண்டும். அப்படித் தரும் பாலிசிகள் சில இப்போது விற்பனையில் உள்ளன. வரம்பு சிறிது, பிரீமியம் பெரிது.

'அப்படியானால் இரண்டு நாள் அட்மிட் போட்டுவிடுங்கள்' என்று உடனே கேட்பார்கள். இதுவும் பெயரை மாற்றச் சொல்வதன் தம்பிதான். பரிசோதனைக்காகவோ கண்காணிப்புக்காகவோ மட்டும் சேர்த்தால் அதை விலக்கப் பாலிசியில் விதி உண்டு. தவிர, தேவையின்றி மனநலப் பிரிவில் தங்குவது நோயாளிக்கு நன்மை செய்யாது. சேர்க்க வேண்டிய நிலை வந்தால் நானே சொல்வேன். உணவை மறுக்கிறார், உயிருக்கு ஆபத்து இருக்கிறது, வீட்டில் வைத்து மருந்தைச் சீராக்க முடியாது என்று அதற்கான காரணத்தையும் சம்மரியில் தெளிவாக எழுதுவேன். அப்படிச் சேர்ந்தவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பெரும்பாலான பாலிசிகளில், சேர்வதற்கு முந்தைய 30 நாட்களும் டிஸ்சார்ஜ் ஆனபின் 60 நாட்களும் அதே நோய்க்கு ஆகும் ஆலோசனைக் கட்டணம், மருந்து, பரிசோதனைச் செலவுகளைக் கோரலாம். பில்களைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறார்கள். நாட்களின் எண்ணிக்கை பாலிசிக்குப் பாலிசி மாறும், உங்களுடையதைப் பாருங்கள்.

வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகள் தொலைபேசியில், "நீங்கள் எந்தெந்த இன்சூரன்ஸ் எடுப்பீர்கள் டாக்டர்?" என்று என்னைக் கேட்பதுண்டு. அமெரிக்காவில் மருத்துவர்கள் பலர் காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். அங்கே அது சரியான கேள்வி. இங்கே ஒப்பந்தம் மருத்துவமனையோடுதான், என்னோடு அன்று. ஓ.பி. கட்டணத்தைப் பெரும்பாலான அட்டைகள் கட்டாது. ஆகவே நான் வேறொன்றைச் சொல்வேன்: கட்டணம் சுமையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, நாங்கள் எழுதும் முக்கிய மருந்துகள் பல அங்கே இலவசம். அங்கே தொடர்வதற்குக் கடிதம் கேட்டால் தயங்காமல் தருவேன். பணமில்லை என்று மாத்திரையை நிறுத்துவதை விட, இடம் மாறித் தொடர்வது எவ்வளவோ மேல்.

நம் நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த இதழில் வெளியிடுவார்கள் என்று நம்புகிறேன். மனநலப் பிரிவின் நேரம், முதல் ஆலோசனைக்கும் மறு ஆலோசனைக்கும் ஆகும் கட்டணம், முதல் ஆலோசனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது, எந்தெந்த நிறுவனங்களின் கேஷ்லெஸ் வசதி மனநலப் பிரிவுக்கும் பொருந்தும், எவற்றுக்குப் பொருந்தாது என்ற பட்டியல் ஆகிய அனைத்தும் வரவேற்பறையில் தமிழில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இதயப் பிரிவுக்கு அப்படி ஒரு பலகை இருக்கிறது. மனநலப் பிரிவுக்கு மட்டும் காதோடு காதாக விசாரிக்க வேண்டியிருப்பது, இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று நாமே சொல்வதாகிறது.

அதுவரை, முதல் முறை வரும்போதே பாலிசியின் நகல், அடையாள அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். சேர்க்கை தேவைப்பட்டால் காப்பீட்டு உதவி மேசையில் கேஷ்லெஸ் விண்ணப்பத்தை உடனே கொடுங்கள். 2024 விதிப்படி நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். மறுத்தால், வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பிவிடாமல், எந்த விதியின்கீழ் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நிறைவளிக்காவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் பதியலாம்.

மறுப்புக் கடிதத்தின் நகலை என்னிடமும் கொண்டு வாருங்கள். நோய் என்ன, ஏன் சேர்த்தோம் என்பதற்கு விளக்கக் கடிதம் எழுதித் தருகிறேன். அதற்கு ஓ.பி. சீட்டு போட வேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் நர்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே வரலாம்.